எண்ணெயின் சூட்டை எங்கே பார்ப்பது?

உத்திரமேரூருக்கு ஏரி தூர்வாருவது புதிய வேலை இல்லை. பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயரைத் தாங்கிய வயிரமேகத் தடாகத்தில் சேறு அள்ளுவதற்கென்றே பொன்னும் நிலமும் விடப்பட்ட செய்தி ஊர்க் கல்வெட்டுகளில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தன. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், 360 நாள் பொறுப்பு என்று விதித்தன. அந்த ஆறு பேர் நின்று மேற்பார்த்த மண்வேலையை இன்று சித்திரை வெயிலில் செய்து முடிப்பது மஞ்சள் நிற ஜேசிபி.

காய்ந்த ஏரிக்குள் அந்த வண்டி வேலை செய்வதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டிரைவர் முன்பக்கெட்டைத் தாழ்த்தி, இறுகிய களிமண் மேட்டில் முட்டுகிறார். வண்டி நகரவில்லை. இன்ஜின் உறுமுகிறது, புகை வருகிறது, சக்கரம் அசையவில்லை. சில நொடியில் மண் பெயர்ந்து பக்கெட் நிறைகிறது. உடனே பின்னோக்கி வருகிறார், திரும்பி டிப்பரில் கொட்டுகிறார், மறுபடி மேட்டுக்குப் போகிறார். காலை முதல் மாலை வரை இதே ஓட்டம். சாதாரண லாரியில் இப்படி ஒரு மணி நேரம் செய்தால் கிளட்ச் கருகிவிடும். ஜேசிபி தாங்குவதற்குக் காரணம் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டர். இன்ஜினோடு சேர்ந்து சுழலும் இறக்கைச் சக்கரம் ஒன்று எண்ணெயை வீசுகிறது. எதிரே இருக்கும் இன்னொரு இறக்கைச் சக்கரம் அந்த வேகத்தை வாங்கி கியருக்குக் கொடுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆட்டோமேடிக் கார், பேருந்து, ராணுவ டாங்கி எனப் பலவற்றிலும் அடிப்படை இதுதான்.

வண்டி முட்டி நிற்கும் அந்தச் சில நொடிகளில் இன்ஜினின் சக்தி எங்கே போகிறது? அவ்வளவும் எண்ணெயில் சூடாக இறங்குகிறது. சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். 30 கிலோவாட் அளவு சக்தி 15 லிட்டர் எண்ணெயில் இறங்குகிறது என்று வைத்தால், எண்ணெயின் சூடு ஒவ்வொரு வினாடிக்கும் ஒரு டிகிரிக்கு மேல் ஏறும். உண்மையில் அந்த நொடியில் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் எண்ணெய் 15 லிட்டரைவிடக் குறைவு. ஆகவே அங்கே சூடு இதைவிட வேகமாக ஏறும். கீழே தொட்டியில் கிடக்கும் எண்ணெய்க்கு அந்தச் செய்தி தாமதமாகத்தான் வந்து சேரும். சூட்டைக் காட்டும் சென்சாரை எங்கே பொருத்துவது என்ற கேள்விக்கு நூறாண்டு வரலாறு இருப்பது இந்தத் தாமதத்தால்தான்.

சென்சார் வருவதற்கு முன்னால் கை இருந்தது. கிராமத்துக் கிணற்றடியில் டீசல் ஆயில் இன்ஜின் ஓடிய காலத்தில், இறைக்கும் தண்ணீரிலேயே ஒரு சிறு பங்கைக் குழாய் வழியாக இன்ஜினுக்குள் விட்டு அதைக் குளிர வைப்பார்கள். உள்ளே சுற்றிய தண்ணீர் மேல்பக்கச் சிறு குழாய் வழியாக வெளியே ஒழுகும். வரப்பில் வேலை செய்துகொண்டிருக்கும் விவசாயி அவ்வப்போது வந்து அந்த ஒழுக்கில் கையை நீட்டுவார். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை பொறுக்கவில்லை என்றால் உள்ளே போகும் குழாயில் பாசியோ மண்ணோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அவர் கை வைத்த இடம் தண்ணீர் வெளியேறும் வாய். உள்ளே போகும் குழாயைத் தொட்டிருந்தால் இன்ஜின் எரிந்துகொண்டிருந்தாலும் கிணற்றுத் தண்ணீரின் குளிர்ச்சிதான் தெரிந்திருக்கும். எந்தப் புத்தகமும் சொல்லாமலேயே உழவர்கள் சரியான இடத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

மோட்டார் உலகம் அந்தத் தெளிவுக்கு வரச் சில காலம் பிடித்தது. 1912-இல் அமெரிக்காவில் ஹாரிசன் பாய்ஸ் என்பவர் காப்புரிமை பெற்ற மோட்டோ மீட்டர், காரின் ரேடியேட்டர் மூடியின் மேல் நிற்கும் ஒரு வெப்பமானி. வட்டக் கண்ணாடிக்குள் சிவப்புக் கோடு ஏறுவதும் இறங்குவதும் ஓட்டுபவருக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். அழகான பொருள், பழைய கார் சேகரிப்பவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஆனால் அதன் அடிமுனை ரேடியேட்டரில் தண்ணீருக்கு மேலே இருந்த ஆவியில் தொங்கியது. அது சொன்னது அந்த ஆவியின் சூட்டை. தண்ணீர் கசிந்து மட்டம் இறங்கிவிட்டால் இன்ஜின் தலை கொதிப்பதற்கும் கண்ணாடியில் தெரிவதற்கும் தொடர்பு அறுந்துவிடும்.

பிறகு முனை இன்ஜினுக்குள்ளேயே போயிற்று. தண்ணீர் சுற்றும் அறையில் ஒரு சிறு குமிழ். அதிலிருந்து டேஷ்போர்டு வரை மெல்லிய செப்புக் குழல். உள்ளே எளிதில் ஆவியாகும் திரவம். சூடேறினால் அழுத்தம் ஏறும், முள் நகரும். மின்சாரமே வேண்டாம். மின்சார சென்சாருக்கான விதை அதற்கும் முன்பே விழுந்திருந்தது. சூடேறினால் மின்தடை குறையும் பொருளை மைக்கேல் ஃபாரடே 1833-இல் கவனித்தார். சாமுவேல் ரூபன் 1930-இல் அதைத் தெர்மிஸ்டர் என்ற விற்பனைப் பொருளாக்கினார். அரிசி அளவே இருக்கும் அந்தப் பொருளை எங்கு வேண்டுமானாலும் பதிக்கலாம், ஒரு கம்பி இழுத்தால் போதும் என்ற நிலை வந்த பிறகுதான் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் வந்தது.

கியர்பாக்ஸ் எண்ணெயின் கதை கப்பல் கட்டும் தளத்தில் தொடங்குகிறது. வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனை மெதுவாகச் சுழலும் புரொப்பெல்லரோடு இணைக்க ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபொட்டிங்கர் வழி தேடினார். 1905-இல் அவர் காப்புரிமை பெற்ற யோசனைதான், திரவத்தின் வழியே சக்தியைக் கடத்துவது. முழு ஆட்டோமேடிக் காருக்குள் அது வந்தது 1939-இல். ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1940 ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்கு ஹைட்ராமேட்டிக் என்ற கியர்பாக்ஸைக் கொடுத்தது. போர் வந்தது, அதே கியர்பாக்ஸ் அமெரிக்காவின் எம்5 டாங்கிகளில் ஏறியது. 1948-இல் பியூக் கார்களில் வந்த டைனாஃப்ளோ, டார்க் கன்வெர்ட்டரையே பெரிதும் நம்பி ஓடியது. ஓட்டுவதற்கு வழுக்கிக்கொண்டு போகும் சுகம். அந்த வழுக்கலின் விலை எண்ணெயில் ஏறிய சூடு.

எண்ணெய் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1949-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இதற்கென்று தனி எண்ணெய்க்கு வரையறை கொடுத்தபோது, உராய்வைச் சீராக்கும் கலவைப் பொருளாக எண்ணெய்த் திமிங்கலத்தின் கொழுப்பு சேர்க்கப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் திமிங்கலங்களைக் காக்கும் சட்டங்கள் வரும்வரை கியர்பாக்ஸ்களுக்குள் கடல் உயிரின் எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது.

சூட்டுக்கும் இந்த எண்ணெயின் ஆயுளுக்கும் உள்ள உறவை மெக்கானிக்குகள் ஒரு வாய்ப்பாடாகவே வைத்திருக்கிறார்கள். 80 டிகிரி செல்சியஸை ஒட்டி ஓடினால் எண்ணெய் 1,60,000 கிலோமீட்டர் வரை தாங்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது அந்தக் கணக்கு. 91-இல் 80,000, 102-இல் 40,000, 113-இல் 20,000. இது தோராயம்தான், இன்றைய செயற்கை எண்ணெய்கள் இதைவிட அதிகம் தாங்கும். ஆனால் திசை மாறவில்லை. 120-ஐத் தாண்டி நெடுநேரம் ஓடினால் எண்ணெய் நிறம் மாறி வார்னிஷ் படியும், ரப்பர் சீல்கள் இறுகும், அப்புறம் கிளட்ச் பிளேட்டுகள் நழுவும். நழுவல் மேலும் சூட்டைக் கிளப்பும். பட்டறையில் "ஆயில் கருகிடுச்சு" என்று சொல்லும்போது இந்தச் சங்கிலி முழுவதும் நடந்து முடிந்திருக்கும்.

ஆக, எங்கே அளப்பது? மூன்று இடங்கள் நடைமுறையில் நிலைத்தன. முதலாவது, எண்ணெய் வந்து தேங்கும் அடித்தொட்டி, ஆயில் பேன். கன்வெர்ட்டரிலிருந்தும் கியர்களிலிருந்தும் எண்ணெயைக் குளிரவைக்கும் கூலரிலிருந்தும் வந்த எண்ணெய் கலந்து கிடக்கும் இடம் அது. பம்ப் அங்கிருந்துதான் உறிஞ்சுகிறது. கியர்பாக்ஸ் மொத்தமாக எந்தச் சூட்டில் வாழ்கிறது என்பதற்கு இதைவிட நேர்மையான இடம் இல்லை. ஆனால் பதில் மெதுவாக வரும். இரண்டாவது, கன்வெர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் குழாய். எண்ணெய் மிக அதிகச் சூட்டோடு வரும் வழி. வண்டி முட்டி நிற்கும்போது முள் சட்டென்று எகிறும், விட்டதும் இறங்கும். மூன்றாவது, கூலரிலிருந்து திரும்பி வரும் குழாய். இங்கே வைத்தால் கூலர் வேலை செய்கிறதா என்று தெரியும், அவ்வளவுதான். எண்ணெய் கருகிக்கொண்டிருக்கும்போதும் நல்ல கூலர் இருந்தால் இந்த முள் நிம்மதியாக நிற்கும். ஏரியின் அளவுகல்லை ஆழமான மதகடியில் நடாமல் கரையோர மேட்டில் நட்டால் எப்படியோ, அப்படி.

இதில் எது சரி என்று சண்டை போடுவது வீண். எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்பதே இடத்தைத் தீர்மானிக்கிறது. இதற்கு நல்ல சாட்சி அலிசன் நிறுவனத்தின் பழைய லாரி, பேருந்து கியர்பாக்ஸ்கள். ஒரே பெட்டி, ஒரே எண்ணெய். ஆனால் வரம்பு இரண்டு. அடித்தொட்டியில் அளந்தால் 250 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 121 செல்சியஸ். கன்வெர்ட்டர் வாயில் அளந்தால் 300 ஃபாரன்ஹீட், 149 செல்சியஸ். முள் 135-ஐக் காட்டுகிறது என்று ஒரு டிரைவர் சொன்னால், சென்சார் எங்கே இருக்கிறது என்று கேட்காமல் வண்டியை ஓட்டு என்றோ நிறுத்து என்றோ பதில் சொல்லவே முடியாது.

அலிசனின் பெயருக்கு உத்திரமேரூர் இருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. இண்டியானாபோலிஸ் கார்ப் பந்தயத் தளத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் அலிசன் 1915-இல் தொடங்கிய பட்டறை அது. 1929-இல் ஜெனரல் மோட்டார்ஸின் கைக்குப் போய், விமான இன்ஜின், டாங்கி கியர்பாக்ஸ் என்று வளர்ந்து, 2007-இல் மறுபடி தனி நிறுவனமானது. அமெரிக்காவுக்கும் ஹங்கேரிக்கும் அடுத்து அது தொழிற்சாலை அமைத்த இடம் ஒரகடம் சிப்காட், ஆண்டு 2010. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் அந்த நாற்சந்தி அதற்குள் வேறு ஊராகியிருந்தது. அதே 2010-இல் ரெனோ – நிசான் கார் ஆலை, 2012-இல் டைம்லரின் லாரி ஆலை. சற்று வடக்கே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலே ஹூண்டாய் கார்கள் உருண்டுகொண்டிருந்தன. பாலாற்றுக்குத் தெற்கே உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஐடிஐ முடித்த பிள்ளைகளுக்கு விடியற்காலைக் கம்பெனி பஸ் பழகிப்போனது இந்த ஆண்டுகளில்தான். ஏர் பிடித்த வீட்டிலிருந்து ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் கோர்க்கும் தொழிலுக்கு ஒரே தலைமுறையில் வந்து சேர்ந்த பகுதி இது.

ஒரகடத்துக்கு இந்தத் தொழில் வந்த நேரத்தில் சென்சாரின் இடம் ஏற்கெனவே மாறிவிட்டிருந்தது. 1980-களில் கியர் மாற்றும் முடிவைக் கணினி எடுக்கத் தொடங்கியது. எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருந்தால் கியர் மாற்றும் அழுத்தம் வேறு. கொதித்து நீர்த்திருந்தால் வேறு. சூடு எல்லை மீறினால் கன்வெர்ட்டரின் இரண்டு சக்கரங்களையும் கிளட்ச் கொண்டு பூட்டி, வழுக்கலையே நிறுத்திவிட வேண்டும். இதற்கெல்லாம் கணினிக்கு எண்ணெயின் சூடு தெரிந்தாக வேண்டும். எனவே சென்சார் வெளிக்குழாயை விட்டு உள்ளே போனது. வால்வுகள் இருக்கும் பகுதியை ஒட்டிய உள் வயரிங்கிலேயே சேர்க்கப்பட்டு எண்ணெயில் மூழ்கியது. பிரேக்குக்குத் துணையாக ரிடார்டர் உள்ள கனரக வண்டிகளில் அதற்கென்று தனியாக இன்னொரு சென்சார். மலையிறக்கத்தில் வண்டியின் ஆற்றலில் பெரும்பகுதி ரிடார்டரின் எண்ணெயில் சூடாக மாறும். தொட்டியில் இருக்கும் சென்சாரை நம்பிக் காத்திருக்க அங்கே நேரமில்லை.

இந்த மாற்றத்தில் கியர்பாக்ஸ் தன்னைத்தானே காத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது. அது பெரிய லாபம். ஆனால் டிரைவர் ஒன்றை இழந்தார். முன்பு அவர் கண்முன்னே முள் இருந்தது; 90-லிருந்து 105-க்கு அது ஏறுவதைப் பார்த்து வேலையைத் தணித்துக்கொள்ளலாம். இப்போது பல வண்டிகளில் இருப்பது ஒரு சிவப்பு விளக்கு. எல்லை கடந்த பிறகுதான் அது எரியும். மண் வேலை, குவாரி வேலை செய்யும் வண்டிகளுக்கு விளக்கு போதாது, முள் வேண்டும். சூடு ஏறும் வேகத்தைப் பார்த்து நிறுத்துபவர்தான் கியர்பாக்ஸைக் காப்பாற்றுகிறார்.

பேருந்திலும் இதே கேள்வி வேறு வடிவில் வருகிறது. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடியதன் பிறகு 2024-இல் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்கு மீண்டும் வந்த டீசல் தாழ்தளப் பேருந்துகள், அசோக் லேலண்டின் தயாரிப்பு. இன்ஜின் பின்னால், கியர் ஆட்டோமேடிக். முன்னால் இன்ஜின் இருந்த பேருந்தில் எண்ணெய் கருகும் வாடை டிரைவரின் மூக்குக்கே முதலில் வரும். பின்கோடியில் நடப்பதை அவருக்குச் சொல்ல சென்சாரைத் தவிர வேறு எதுவும் இல்லை.

கார்களில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். 2014-இல் மாருதி செலெரியோவோடு இந்தியாவில் பரவிய ஏஎம்டி கார்களும் 'ஆட்டோமேடிக்' என்றே விற்கப்படுகின்றன. அவற்றில் டார்க் கன்வெர்ட்டர் கிடையாது. வழக்கமான கிளட்சை மோட்டாரோ ஹைட்ராலிக்கோ இயக்குகிறது. அதற்குப் போய் ஏடிஎஃப் (ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) சூட்டுமானி பொருத்துவது பணத்துக்குக் கேடு. உண்மையான கன்வெர்ட்டர் உள்ள புதிய கார்களில் பெரும்பாலும் தனி சென்சார் வைக்கத் தேவையே இல்லை. ஸ்கேனரைச் செருகினால் உள்ளே இருக்கும் சென்சார் சொல்வதைப் படிக்கலாம். படித்தே ஆகவேண்டிய கட்டமும் ஒன்று உண்டு. டிப்ஸ்டிக் இல்லாத இந்தப் பெட்டிகளில் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க, வண்டி நிறுவனம் சொன்ன சூட்டில் எண்ணெய் இருக்கும்போது பக்கவாட்டு பிளக்கைத் திறக்க வேண்டும். சூட்டில் எண்ணெய் விரியும். அதைவிடக் குளிர்ந்திருக்கும்போது பார்த்து நிரப்பினால் எண்ணெய் அதிகமாகிவிடும்.

பழைய ஜேசிபிக்கோ பழைய ஆட்டோமேடிக் லாரிக்கோ தனியாக முள் வைக்க நினைப்பவர்களுக்கு இந்த வரலாறு முழுவதும் ஒரே பட்டறை வேலையாகச் சுருங்குகிறது. பேனில் வைப்பதென்றால் எண்ணெயை இறக்கி, பேனைக் கழற்றி, பக்கச் சுவரில் துளைபோட்டு மரையுள்ள புஷ்ஷை வெல்டு செய்ய வேண்டும். அடியில் வைத்தால் கல் அடிக்கும், சென்சாரைச் சுற்றி வண்டல் சேரும். எண்ணெய் மட்டத்துக்கு மேலே போனால் முனை காற்றில் நிற்கும். உள்ளே ஃபில்டரில் இடிக்காத இடமாகவும் இருக்க வேண்டும். வெல்டு செய்த பேன் கோணியிருந்தால் கேஸ்கெட் கசியும். மட்டப்பலகை வைத்துப் பார்த்துவிட்டே ஏற்ற வேண்டும்.

ஏரிக்குள் முட்டி வேலை செய்யும் வண்டிக்குப் பேனைவிடக் கன்வெர்ட்டரிலிருந்து வெளியேறும் குழாயே பொருத்தம். சூடு பிறந்த உடனே தெரிய வேண்டிய வேலை அது. கூலருக்குப் போகும் இரண்டு குழாய்களில் வெளியேறுவது எது என்று படம் பார்த்துத் தெரியாவிட்டால், குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து இரண்டையும் மாறிமாறித் தொட்டுப் பார்ப்பார்கள். முதலில் வெதுவெதுப்பாவது போகும் குழாய். ஆயில் இன்ஜின் காலத்துக் கை இங்கே இன்னும் வேலை செய்கிறது. அந்தக் குழாயை வெட்டி ஒரு 'டீ' இணைப்பு வைக்கும்போது சென்சாரின் முனை எண்ணெய் ஓடும் பாதைக்குள் நீட்டியிருக்க வேண்டும். டீயின் முட்டுக்குள் ஒதுங்கிவிட்டால் அங்கே தேங்கிய எண்ணெயின் சூட்டைத்தான் சொல்லும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். ஒற்றைக் கம்பி சென்சாருக்கு எர்த்து அதன் மரை வழியாகவே கிடைக்கிறது. கசியக்கூடாது என்று டெஃப்லான் டேப்பை நாலைந்து சுற்று சுற்றினால் எர்த்து பலவீனமாகி, முள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ரப்பர் ஹோஸுக்கு நடுவில் டீயை வைத்தால் எர்த்தே இராது. டீயின் உடலிலிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஒரு கம்பி இழுத்து, பெயிண்டைச் சுரண்டிவிட்டு முடுக்க வேண்டும். முள்ளுக்குக் கீழே டேஷ்போர்டில் 'கன்வெர்ட்டர் வெளிவாய்' என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிவிடுவது நல்லது. அடுத்து அந்த வண்டியில் ஏறும் டிரைவர் 125-ஐப் பார்த்தால், அது பேனில் இருக்கும் 125 இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும்.